கட்சி இல்லாம பேரூராட்சி கவுன்சிலரா நிக்கலாமா, ஜெயிச்சா என்ன செய்ய முடியும்?

நீங்க கேட்டது மூணு கேள்வி. எந்தக் கட்சியிலயும் இல்லாத பொம்பளை நான், எங்க பேரூராட்சியில கவுன்சிலருக்கு நிக்க முடியுமா, ஜெயிச்சா என்ன வேலை, சம்பளம் உண்டா. ஆனா அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, தெருவுல சாக்கடைத் தண்ணி தேங்குது, மனு குடுத்து குடுத்து அலுத்துப்போச்சு, நானே உள்ள போயிட்டா நடக்குமான்னு. உங்க நிஜமான கேள்வி அதுதான்னு நினைக்கிறேன். நடக்கும்மா, ஆனா கவுன்சிலர் சொன்னா ஆபீஸ் செஞ்சுடும்னு நினைச்சு உள்ள போனீங்கன்னா முதல் ஆறு மாசத்துலயே மனசு விட்டுப்போயிடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நான் பேரூராட்சி ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா சேந்து செயல் அலுவலரா, அதாவது அந்த ஆபீஸோட தலைமை அதிகாரியா, ரிட்டயர் ஆனவன். கவுன்சிலர்ங்க எல்லாம் சேந்த மன்றத்தோட கூட்டத்துக்கு அஜெண்டா தயார் பண்றது, தீர்மானம் எழுதறது, கவுன்சிலர்ங்க கேக்கற கேள்விக்கு பதில் சொல்றது இதுலயே சர்வீஸ் ஓடிருச்சு. ஓட்டு கேட்டு வீடு வீடா போன அனுபவம் எனக்கு கிடையாது, மாநகராட்சியில வேலை பாத்ததும் இல்ல. அதனால தேர்தல் பிரச்சாரம் பத்தி நான் சொல்றதை பக்கத்துலேர்ந்து பாத்தவன் சொல்றதா எடுத்துக்கோங்க, ஆபீஸ் உள்ள நடக்கறது பத்தி சொல்றதை நம்பி எடுத்துக்கலாம்.

நிக்கறதுக்கு என்ன தேவைங்கறது சுலபம், அதை முதல்ல முடிச்சுடறேன். 21 வயசு முடிஞ்சிருக்கணும், அந்தப் பேரூராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். நீங்க நிக்கற வார்டுலயே உங்க ஓட்டு இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா உங்களை முன்மொழியறவர் அந்த வார்டு ஓட்டரா இருக்கணும். அரசாங்க வேலையில இருக்கக்கூடாது, பேரூராட்சியோட எந்த கான்ட்ராக்ட்லயும் பங்கு இருக்கக்கூடாது, வரி பாக்கி இருக்கக்கூடாது. இந்த வரி பாக்கி விஷயத்துலதான் நிறைய பேர் கடைசி நேரத்துல ஓடுவாங்க, சொத்து வரி மாமனார் பேர்ல இருக்கும், குடிதண்ணி வரி வீட்டுக்காரர் பேர்ல இருக்கும், எது யார் கணக்குன்னே தெரியாது, வேட்புமனு கடைசி நாள் அன்னிக்கு ஆபீஸ்ல கியூ நிக்கும். இப்பவே எல்லாத்தையும் கட்டி ரசீதை எடுத்து வச்சிருங்க. மனுவோட சொத்து விவரம், படிப்பு, மேல ஏதாவது கேஸ் இருக்கான்னு உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும். 2022 தேர்தல்ல டெபாசிட் பேரூராட்சிக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000, பட்டியல் சாதி பழங்குடி வேட்பாளர்களுக்கு அதுல பாதி. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா டெபாசிட் போயிடும். இன்னொண்ணு, ஜெயிச்சாலும் தோத்தாலும் ரிசல்ட் வந்த 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கு குடுத்தாகணும், குடுக்கலைன்னா மூணு வருஷம் நிக்க முடியாம தகுதி நீக்கம் பண்ணலாம். தோத்துட்டோமேன்னு கணக்கு குடுக்காம விட்டவங்க அடுத்த தடவை வந்து முழிச்சதை பாத்திருக்கேன்.

இதெல்லாம் உறுதி. உறுதி இல்லாதது ரெண்டு. ஒண்ணு தேர்தல் எப்பங்கறது. இப்ப இருக்கற மன்றம் 2022 மார்ச் 2ஆம் தேதி பதவி ஏத்தது, அஞ்சு வருஷக் கணக்குப்படி 2027 மார்ச்சோட முடியணும், அரசியல் சட்டம் அதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்தச் சொல்லுது. ஆனா 2016 அக்டோபர்ல முடிஞ்ச மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19லதான் நடந்துச்சு, நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல அரசு போட்ட தனி அலுவலர்தான் நிர்வாகம், அதனால தேதியை நம்பி வேலையை விட்டுறாதீங்க. ரெண்டாவது, உங்க வார்டு பெண்களுக்கு ஒதுக்குவாங்களாங்கறது. மொத்த இடத்துல 50 சதவீதம் பெண்களுக்குன்னு 2016ல சட்டம் வந்தாச்சு, ஆனா எந்த வார்டுங்கறது அரசிதழ்ல அறிவிப்பு வந்தாதான் கணக்கு. டீக்கடையில யார் என்ன சொன்னாலும் அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதோட பொது வார்டுலயும் பெண்கள் தாராளமா நிக்கலாம், அதை நிறைய பேர் மறந்துடறாங்க.

சுயேச்சையா ஜெயிக்க முடியுமான்னா, முடியும், கட்சிச் சின்னம் இருக்கற உள்ளாட்சித் தேர்தல்ல சுயேச்சைக்கு நல்ல வாய்ப்பு இருக்கற இடம் பேரூராட்சி வார்டுதான். கிராம ஊராட்சியில கட்சிச் சின்னமே கிடையாது, அது வேற. பேரூராட்சியில கட்சிச் சின்னம் உண்டு, இருந்தும் 2022ல பேரூராட்சி வார்டுகள்ல மட்டும் 900 பேருக்கு மேல சுயேச்சைங்க ஜெயிச்சாங்க, மொத்தம் இருந்தது 7,621 வார்டு. சின்ன பேரூராட்சியில ஒரு வார்டுக்கு 500, 600 ஓட்டுதான் இருக்கும், பத்து ஓட்டு இருபது ஓட்டுல முடிவு மாறிடும், அதனால அங்க கட்சியைவிட குடும்பம், சொந்தம், சாதி, யார் எந்த நேரத்துல உதவிக்கு வந்தாங்கங்கறது பேசும். காசு குடுக்கறதும் நடக்குது, இல்லைன்னு சொன்னா பொய். உங்ககிட்ட காசு இல்லைன்னா உங்களுக்கு இருக்கற ஒரே முதலீடு முன்கூட்டியே செஞ்ச வேலைதான், தேர்தல் அறிவிச்ச பிறகு மூணு வாரத்துல சம்பாதிக்க முடியற விஷயம் இல்ல அது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கவுன்சிலருக்கு தனியா எந்த உத்தரவு போடற அதிகாரமும் கிடையாது. தூய்மைப் பணியாளரை இங்க வான்னு சொல்ல முடியாது, ஃபிட்டரை (குடிதண்ணி வால்வு திறந்து விடறவர்) மாத்த முடியாது, ஒரு லோடு கிராவல் அடிங்கன்னு எழுதிக் குடுக்க முடியாது. ஊழியர்ங்க எல்லாம் செயல் அலுவலர் கட்டுப்பாடு. நீங்க போன் பண்ணா மரியாதைக்கு வருவாங்க, வரலைன்னா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அதிகாரம் இருக்கறது மன்றத்துக்கு. பட்ஜெட், வரி விகிதம், எந்த வேலை எடுக்கறது, வந்த டெண்டரை ஏத்துக்கறதா இல்லையா, சந்தை பஸ் ஸ்டாண்டு கடை ஏலம், குடிநீர் டெபாசிட் எவ்வளவு, இதெல்லாம் தீர்மானம் இல்லாம நகராது, அந்தத் தீர்மானத்துல உங்களுக்கு ஒரு ஓட்டு. 15 பேர்ல ஒருத்தர். அவ்வளவுதான் கையில இருக்கறது, ஆனா அந்த ஒரு ஓட்டோட ஃபைலைப் படிச்ச ஆளும் சேந்துட்டா அது பெரிய விஷயம், ஏன்னா பெரும்பாலானவங்க படிக்கறதில்ல.

அதோட எல்லா பிரச்சனையும் பேரூராட்சியோடது இல்ல. தெரு விளக்கு, உள் தெரு ரோடு, சாக்கடை, குப்பை, சுடுகாடு, பார்க், குடிதண்ணி விநியோகம், பிறப்பு இறப்புச் சான்று, கட்டட அனுமதி இதெல்லாம் நம்மளது. ஆனா ஊருக்கு நடுவுல போற மெயின் ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையோடது, அதுல ஒரு குழி மூடக்கூட நம்ம மன்றத்தால முடியாது. கரண்டு மின்வாரியம். பட்டா தாலுகா ஆபீஸ். ரேஷன் கார்டு வழங்கல் துறை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல ஆத்துத் தண்ணி தொட்டி வரைக்கும் வர்றது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலேர்ந்து தெருவுக்கு வர்றது நம்ம பொறுப்பு. ஜனங்க உங்ககிட்ட இது எல்லாத்துக்கும் வருவாங்க. இது என் வேலை இல்லன்னு சொல்லாம, இது எந்த ஆபீஸ், யாரைப் பாக்கணும், என்ன மனு எழுதணும்னு சொல்லத் தெரிஞ்ச கவுன்சிலருக்கு ஊர்ல இருக்கற மரியாதையே தனி.

உங்க சாக்கடை விஷயத்தையே எடுத்துக்கலாம். அது ஒரு பேப்பரா எப்படி நகருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. முதல்ல ஓவர்சியரோ ஜேஇயோ (இளநிலைப் பொறியாளர்) வந்து பாத்து அளந்து எஸ்டிமேட் போடணும். அது எந்த நிதியில எடுக்கறதுன்னு முடிவாகணும், பொது நிதியா, மாநில நிதி ஆணைய மானியமா, மத்திய நிதிக் குழு பணமா (2021-26க்கான 15ஆவது நிதிக் குழு பணத்துல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு பண்ணலாம்னு இருந்துச்சு, அதை தெரிஞ்சு வச்சுக்கோங்க), இல்ல ஜனங்க ஒரு பங்கு போட்டு எடுக்கற நமக்கு நாமே திட்டமா, எம்எல்ஏ நிதியா. அப்புறம் மன்றத்துல வச்சு தீர்மானம், டெண்டர், டெண்டர் முடிவு திரும்ப மன்றம், வேலை உத்தரவு, வேலை, எம்-புக்ல (அளவுப் புத்தகம்) அளவு, பில். இதுல எந்த இடத்துல உங்க மனு நின்னு போயிருக்குன்னு பாத்தீங்கன்னா பத்துக்கு ஏழு மனு எஸ்டிமேட்டே போடாம நின்னிருக்கும். அதனால "எங்க தெருவுக்கு சாக்கடை வேணும்"னு கூட்டத்துல சத்தம் போடறதைவிட "இந்த வேலைக்கு எஸ்டிமேட் போட்டாச்சா, எந்தத் தேதியில போட்டீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டீங்கன்னா ஆபீஸ் அசையும். நாங்க அசைஞ்சிருக்கோம்.

நான் வேலை பாத்த ஒரு ஊர்ல தையல் மிஷின் வச்சு பொழைக்கற ஒரு அம்மா சுயேச்சையா ஜெயிச்சு வந்தாங்க. முதல் ரெண்டு மூணு கூட்டம் வாயே திறக்கலை, அஜெண்டாவை வாங்கிட்டுப் போயி வீட்டுல வச்சு வரி வரியா படிச்சிருக்காங்க. அப்புறம் அவங்க வார்டுல ஒரு வடிகால் வேலை அஜெண்டாவுக்கு வந்துச்சு, 80 மீட்டர்னு போட்டிருந்தோம். அந்தம்மா எந்திரிச்சு, சார், நேத்து சாயங்காலம் நானும் என் பொண்ணும் தையல் டேப்பை வச்சு அளந்து பாத்தோம், தெரு முனையிலேர்ந்து சிறுபாலம் வரைக்கும் 120 மீட்டருக்கு மேல வருது, 80 மீட்டர்ல நிறுத்தினா தண்ணி கடைசி மூணு வீட்டு வாசல்ல போயி நிக்கும், அந்த சிறுபாலத்துல குழாய் வேற அடைச்சு கிடக்கு, அதை எடுக்காம புது வடிகால் கட்டி என்ன பிரயோஜனம்னு கேட்டாங்க. ஜேஇ பதில் சொல்ல முடியாம என்னைப் பாக்கறார். அஜெண்டாவுல இருந்த அந்தப் பொருளை ஒத்தி வச்சு, திருத்தின எஸ்டிமேட்டோட அடுத்த கூட்டத்துல வச்சோம், சேர்மனுக்கு அந்தம்மா மேல பிரியம் ஒண்ணும் இல்ல, ஆனா அளவை மறுத்துப் பேச யாராலயும் முடியல. கட்சிக்காரங்க பத்து வருஷமா சத்தம் போட்டு வாங்காத வடிகாலை அவங்க ஒரு டேப்பை வச்சு வாங்கினாங்க.

அதனால அஜெண்டா கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது, அலுவலகக் குறிப்பை முழுசா படிக்கறது. தொகை எவ்வளவு, நிதி எது, எந்தெந்த தெரு, இதை மட்டும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. ஏற்கனவே செஞ்சு முடிச்ச செலவுக்கு பின்னேற்பு, அதாவது பின்னாடி ஒப்புதல், கேட்டு வர்ற பொருள்களை ரெண்டு தடவை படிங்க, குழாய் ரிப்பேர், மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் வாங்கினதுன்னு சின்னச் சின்ன தொகையா இருக்கும், பெரும்பாலும் நியாயமான அவசரச் செலவுதான், ஆனா ஒரே மோட்டார் மாசா மாசம் ரிப்பேர் ஆச்சுன்னா கேக்கணும். ஃபைலைப் பாக்கணும்னா செயல் அலுவலர்கிட்ட எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா நாளைக்குன்னு சொல்லிடுவோம், எழுத்துல கேட்டா பதில் சொல்லணும். ஒரு பொருள் தப்புன்னு தோணி எல்லாரும் கை தூக்கினாலும் உங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ணச் சொல்லுங்க, சொன்னது தீர்மானப் புத்தகத்துல ஏறிச்சான்னு பாத்துட்டுதான் கையெழுத்து போடணும். பின்னாடி தணிக்கை வரும்போது அந்த ஒரு வரி உங்களைக் காப்பாத்தும்.

சேர்மன் தேர்தல் பத்தியும் தெரிஞ்சுக்கோங்க. 2011ல ஜனங்களே நேரடியா சேர்மனுக்கு ஓட்டு போட்டாங்க, 2022ல கவுன்சிலர்ங்கதான் மறைமுகமா தேர்ந்தெடுத்தாங்க. இப்படி இருக்கும்போது ரெண்டு பக்கமும் சமமா வந்த ஊர்ல சுயேச்சை கவுன்சிலருக்கு திடீர்னு கார் அனுப்புவாங்க, டூர் கூட்டிட்டுப் போவாங்க, கவர் நீட்டுவாங்க. வாங்கிட்டா அஞ்சு வருஷம் வாயைத் திறக்க முடியாது. யாருக்கு ஓட்டு போடறதுன்னு உங்க இஷ்டம், அதுக்குப் பதிலா என் வார்டுக்கு இந்த ரெண்டு வேலையை முதல் வருஷம் எடுக்கணும்னு வெளிப்படையா கேக்கறதுல தப்பே இல்ல. சுயேச்சைக்கு இருக்கற நிஜமான சிரமம் அதுக்கப்புறம்தான் வரும், ஆளுங்கட்சி வார்டுக்கு முதல்ல வேலை போகும், உங்க வார்டு பட்டியல்ல கீழ தள்ளிப்போகும், இதை மறைக்க விரும்பல. அப்ப சண்டையைவிட, பக்கத்து வார்டு கவுன்சிலரோட சேந்து ரெண்டு வார்டுக்கும் பொதுவான வேலையா கேட்டா பாஸ் ஆகும்.

பெண் கவுன்சிலர்ங்களுக்கு இன்னொரு பிரச்சனை, அதை ஆபீஸ்ல உக்காந்து பாத்து மனசு வெறுத்திருக்கேன். ஜெயிச்சது அம்மா, ஆபீஸுக்கு வர்றது ஐயா. போன் நம்பர் அவரோடது, லெட்டர் பேடு அவர் பைக்ல, கூட்டத்துக்கு வந்து ஓரமா உக்காந்து கண்ணைக் காட்டுவார். சட்டப்படி மன்றக் கூட்டத்துல வீட்டுக்காரருக்கு எந்த இடமும் கிடையாது, வெளிய உக்காரச் சொல்ல வேண்டியது எங்க கடமை, நிறைய ஊர்ல சொல்றதில்ல. நீங்க முதல் நாளே உங்க போன் நம்பரை ஃபிட்டர், மேஸ்திரி, பில் கலெக்டர், ஜேஇ எல்லாருக்கும் குடுத்துட்டு, எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசுங்கன்னு சொல்லிடுங்க. வீட்டுலயும் தேர்தலுக்கு முன்னாடியே இதைப் பேசி முடிச்சுக்கோங்க, ஜெயிச்ச பிறகு பேசினா மனத்தாங்கல்லதான் முடியும்.

தினசரி வேலைன்னா பெரும்பாலும் தண்ணியும் குப்பையும்தான். காலையில ஆறு மணிக்கு போன் வரும், மேட்டுத் தெருவுக்கு தண்ணி ஏறலைன்னு. அப்ப ஃபிட்டரைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் அவர்கூட போயி வால்வு எங்கெங்க இருக்கு, எந்த வால்வை எத்தனை நேரம் திறக்கறார்னு பாருங்க, பள்ளத்துல இருக்கற வீடுகள் முதல்ல இழுத்துட்டா மேட்டுல சொட்டுதான் வரும், நேரத்தை மாத்தினாலே தீந்துபோற பிரச்சனை நிறைய. சாவு வீடு, கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் போகணும், போகலைன்னா கேப்பாங்க. நம்ம மேல வர்ற பழியை ஏத்துக்கவும் தயாரா இருக்கணும். 2022 பிப்ரவரியில ஓட்டு வாங்கி உள்ள வந்தவங்க, ஏப்ரல்ல சொத்து வரியை பேரூராட்சிகள்ல 25 சதவீதத்துலேர்ந்து 100 சதவீதம் வரைக்கும் உயர்த்தினப்ப வார்டுக்குள்ள தலைகாட்ட முடியாம தவிச்சாங்க, முடிவு எடுத்தது மேல இருக்கற அரசு, பதில் சொன்னது கவுன்சிலர். வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு வார்டு ஜனங்களைக் கூட்டிப் பேசற ஒரு ஏற்பாடு 2022லேர்ந்து இருக்கு, கவுன்சிலர்தான் நடத்தணும், சும்மா கையெழுத்து வாங்கற கூட்டமா நடத்தாம வரவு செலவை ஜனங்க முன்னாடி வாசிச்சீங்கன்னா அந்த மாதிரி நேரத்துல ஜனங்களே உங்க பக்கம் பேசுவாங்க.

சம்பளம்னு கிடையாது, மதிப்பூதியம். 2023 ஜூலையிலேர்ந்து பேரூராட்சி கவுன்சிலருக்கு மாசம் 2,500 ரூபாய், நகராட்சிக்கு 5,000, மாநகராட்சிக்கு 10,000. பெட்ரோலுக்கும் போனுக்கும் மொய்க்கும் அது காணாது, அதனால உங்களுக்கு வேற வருமானம் இருக்கணும், இல்லைன்னா கமிஷன்தான் வருமானம்னு ஆகற பாதையில கொண்டுபோயி விட்டுடும். சொந்தக்காரர் பேர்ல கான்ட்ராக்ட் எடுத்துக் குடுங்கன்னு யாராவது ஆசை காட்டினா ஒத்துக்காதீங்க, பதவியே போயிடும், கேஸும் வரும்.

தேர்தலுக்காக காத்திருக்காம இப்பவே செய்யக்கூடியது இருக்கு. பேரூராட்சி ஆபீஸ்ல போயி இந்த வருஷ பட்ஜெட்டும் உங்க வார்டுல கடைசி மூணு வருஷத்துல எடுத்த வேலைப் பட்டியலும் கேளுங்க, வாய்மொழியா தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும். வார்டு வாக்காளர் பட்டியலை எடுத்து தெரு தெருவா போயி செத்தவங்க, வீடு மாறினவங்க, பேர் விட்டுப்போனவங்கன்னு குறிச்சு திருத்தம் பண்ண உதவுங்க, அதுலயே உங்களுக்கு வார்டுல பாதிப் பேர் பழக்கமாயிடுவாங்க. உங்க சாக்கடைக்கு எஸ்டிமேட் போட்டிருக்காங்களான்னு பதில் வந்ததும் அதை இங்க எழுதுங்க, அடுத்து எந்த மேஜைக்குப் போகணும்னு பாத்து சொல்றேன்.